அத்தியாயம் 9: போட்டி நாளில் 113 கிலோமீட்டர்

கடலில் 1.9 கிலோமீட்டர் நீச்சல், சாலையில் 90 கிலோமீட்டர் சைக்கிள், அது முடிந்த கையோடு 21.1 கிலோமீட்டர் ஓட்டம். கூட்டினால் 113 கிலோமீட்டர். மைல் கணக்கில் 70.3. அரை அயர்ன்மேன் என்று நம் ஊரில் சொல்கிற போட்டிக்கு அந்த மைல் கணக்கே அதிகாரப்பூர்வப் பெயராக ஒட்டிக்கொண்டது. இந்தியாவில் இது 2019 அக்டோபரில் கோவாவில், பனாஜியை ஒட்டிய மிராமர் கடற்கரையில் முதன்முறையாக நடந்தது. கொரோனாவால் இரண்டு ஆண்டுகள் தடைபட்டு 2022-ல் மறுபடி தொடங்கியது. சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் சைக்கிளைப் பெட்டியில் கட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு முதல் அரைதூரப் போட்டி பெரும்பாலும் அதுதான். ஆகவே இந்த அத்தியாயத்தின் உதாரணங்கள் கோவாவின் கடலையும் வெயிலையும் வைத்தே வருகின்றன.

மாதக்கணக்கான பயிற்சியை முந்தைய அத்தியாயங்களில் பார்த்தோம். இங்கே பேசப்போவது ஒரே ஒரு நாளைப் பற்றி. அந்த நாளுக்கு ஒரு விதி போதும்: ஓட்டத்துக்கான தெம்பை மதியம் வரை காப்பாற்றி வையுங்கள். காலையில் என்ன சாப்பிடுவது, கடலில் எவ்வளவு வேகமாகக் கை வீசுவது, சைக்கிளில் யாரை முந்தாமல் விடுவது என்ற எல்லாக் கேள்விக்கும் விடை அந்த விதியிலிருந்தே வரும்.

நேரக் கணக்கு

முதலில் கட்-ஆஃப் நேரங்களை மனதில் பதிய வையுங்கள். இந்தப் போட்டிகளில் வழக்கமாக நீச்சலுக்கு 1 மணி 10 நிமிடம்; நீச்சல் தொடங்கியதிலிருந்து 5 மணி 30 நிமிடத்துக்குள் சைக்கிளை முடித்திருக்க வேண்டும்; மொத்தத்துக்கு 8 மணி 30 நிமிடம். ஊருக்கு ஊர் சிறு மாற்றம் இருக்கலாம் என்பதால், போட்டிக்கு முன் வீரர்களுக்குத் தரப்படும் கையேட்டை வரி விடாமல் படியுங்கள்.

இனி உங்கள் கணக்கு. நடுத்தரமான ஒரு அமெச்சூர் வீரரை எடுத்துக்கொள்வோம். 100 மீட்டரை 2 நிமிடம் 30 நொடியில் நீந்தினால் 1.9 கிலோமீட்டருக்கு 47 நிமிடம் 30 நொடி. உடை மாற்றிக் கிளம்ப 8 நிமிடம். மணிக்கு 28 கிலோமீட்டர் வேகத்தில் 90 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 3 மணி 13 நிமிடம். சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கு மாறும் இரண்டாவது மாற்றத்துக்கு 5 நிமிடம். கிலோமீட்டருக்கு 7 நிமிடம் என்று ஓடினால் 2 மணி 28 நிமிடம். மொத்தம் சுமார் 6 மணி 42 நிமிடம். கட்-ஆஃபுக்கு இன்னும் ஒன்றே முக்கால் மணி நேரம் கையில் இருக்கிறது. ஒரு டியூப் பஞ்சரானாலும், ஓட்டத்தில் சில கிலோமீட்டர் நடந்தாலும் போட்டி கைவிட்டுப் போகாது. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பார்த்தவருக்குப் பாதிப் பதற்றம் அங்கேயே குறைந்துவிடும்.

அதே தாளில் இன்னொன்றும் தெரியும். காலை ஏழு மணிக்குக் கடலில் இறங்குகிறவர் ஓடத் தொடங்கும்போது மணி பதினொன்றைத் தாண்டியிருக்கும். அரை மாரத்தான் முழுவதும் உச்சி வெயிலில்தான். காலையின் குளிர்ச்சியில் உடம்பு காட்டும் உற்சாகத்தை அப்படியே நம்பிவிடக் கூடாது என்பது இதனால்தான்.

முந்தைய நாள்

சைக்கிளை முந்தைய நாளே, ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்கு மாறும் இடமான டிரான்சிஷன் பகுதியில் கொண்டுபோய் நிறுத்த வேண்டியிருக்கும். அது வெயிலில் நிற்கும். டயரில் முழுக் காற்றும் இருந்தால் சூட்டில் காற்று விரிந்து டியூப் வெடிக்க வாய்ப்பு உண்டு. கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டு, போட்டியன்று காலையில் நிரப்பிக்கொள்ளுங்கள். சைக்கிளை எளிதான கியரில் வைத்து நிறுத்துங்கள். நீச்சல் முடிந்து வரும் காலுக்கு முதல் மிதியிலேயே பாரத்தைத் தள்ளத் தேவையிருக்காது.

நிறுத்தியபின் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கடலிலிருந்து மேலேறும் இடத்தில் நின்று உங்கள் சைக்கிள் இருக்கும் வரிசைக்கு நடந்து பாருங்கள். எத்தனையாவது வரிசை, பக்கத்தில் என்ன கம்பம், என்ன பலகை என்று குறித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து சைக்கிளோடு வெளியேறும் வாசலுக்கும், திரும்பி வந்து ஓட்டத்துக்குப் போகும் வாசலுக்கும் நடந்து பாருங்கள். மறுநாள் நூற்றுக்கணக்கான சைக்கிள்களுக்கு நடுவே, காதில் தண்ணீரோடு ஓடி வரும்போது இந்தப் பத்து நிமிட நடை கைகொடுக்கும்.

அன்றைய சாப்பாட்டில் புதுமை வேண்டாம். கோவாவுக்குப் போனால் மீன் குழம்பின் மணம் இழுக்கத்தான் செய்யும். அதைப் போட்டி முடிந்த இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சோறு, பருப்பு, தயிர், உருளைக்கிழங்கு என்று வயிற்றுக்குப் பழகியது போதும். காரம், எண்ணெய், நார்ச்சத்து மிகுந்த கீரை, சுண்டல் ஆகியவற்றை அன்று மட்டும் தள்ளி வையுங்கள். இரவு தூக்கம் வராவிட்டால் கவலைப்பட வேண்டாம். அதற்கு முந்தைய இரவு நன்றாகத் தூங்கியிருந்தால் உடம்பு தாங்கும்.

காலை

நீச்சலுக்கு இரண்டரை, மூன்று மணி நேரத்துக்கு முன்பே சாப்பிட்டு முடியுங்கள். நான்கு இட்லி, தொட்டுக்கொள்ளச் சர்க்கரை அல்லது தேன், ஒரு வாழைப்பழம். பழக்கம் இருந்தால் ஒரு காபி. தங்கும் விடுதியில் அதிகாலை நான்கு மணிக்கு இட்லி கிடைக்காது என்பதால், ரொட்டியும் ஜாமும் வாழைப்பழமும் முந்தைய நாளே வாங்கி வையுங்கள். பயிற்சியின்போது நீண்ட சைக்கிள் பயணத்துக்கு முன் இதே உணவைப் பலமுறை சாப்பிட்டுப் பழகியிருக்க வேண்டும்.

கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் வேசலினைத் தாராளமாகத் தடவுங்கள். உப்புத் தண்ணீரில் ஊறிய தோல் ஆறேழு மணி நேரம் உரசினால், எரிச்சல் ஓட்டத்தில்தான் தெரியவரும். டைமிங் சிப்பைக் கணுக்காலில் கட்டுங்கள். சிப் இல்லாமல் முடித்தால் உங்கள் நேரம் பதிவாகாது.

நீச்சல்

கோவா கடலின் தண்ணீர் வெதுவெதுப்பானது. பெரும்பாலும் வெட்சூட்டுக்கு வேலை இருக்காது, அது தரும் மிதப்பும் கிடைக்காது. ஆகவே மூன்று கட்டத்துக்கும் உடுத்துகிற ட்ரைசூட்டோடு மட்டும் 2 கிலோமீட்டரை நிற்காமல் நீந்தக்கூடிய நிலையில் போட்டிக்குப் போங்கள். 25 மீட்டர் குளத்தில் அது 80 நீளம்.

ஆனால் குளம் வேறு, கடல் வேறு. மிராமரில் மணல் கலங்கிய தண்ணீரில் முகத்தைப் புதைத்தால் உங்கள் கைவிரல்கூடச் சரியாகத் தெரியாது. அடியில் நீலக் கோடு கிடையாது. முன்னால் நீந்துகிறவரின் பாதம் கிளப்பும் நுரை கைக்குத் தட்டுப்படும்; பக்கத்தில் இருப்பவரின் முழங்கை தோளில் இடிக்கும். ஆறு அல்லது எட்டுக் கைவீச்சுக்கு ஒருமுறை முதலையைப் போல் கண்ணை மட்டும் நீர்மட்டத்துக்கு மேலே கொண்டுவந்து மிதவையைப் பாருங்கள். பார்த்துவிட்டு, தலையைப் பக்கவாட்டில் திருப்பி மூச்சு வாங்குங்கள். தலையை முழுக்கத் தூக்கினால் இடுப்பு தாழ்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் உடம்பை மறுபடி மேலே கொண்டுவரக் காலால் உதைக்க வேண்டியிருக்கும். அலை எழும்போது பார்த்தால் மிதவை தெரியும், இறங்கும்போது தண்ணீர்தான் தெரியும். இதைக் குளத்தில் முழுமையாகப் பழக முடியாது. உயிர்காப்பாளரும் துணைப் படகும் இருக்கிற, அனுபவமுள்ள பயிற்சியாளர் அழைத்துப் போகிற கடல் நீச்சலில் சிலமுறையாவது பழகுங்கள். நம் கிழக்குக் கடற்கரையின் இழுநீரோட்டம் நன்றாக நீந்தத் தெரிந்தவர்களையே கொண்டுபோயிருக்கிறது. தனியாக இறங்கவே கூடாது.

திடீரென நெஞ்சு படபடத்து மூச்சு முட்டுவதுபோல் இருந்தால் அது முதல் 200 மீட்டரில்தான் பெரும்பாலும் வரும். வேகத்தைக் குறையுங்கள், மல்லாந்து மிதந்து நீளமாக மூச்சை வெளியே விடுங்கள். பாதுகாப்புக் கயாக்கைப் பிடித்து இளைப்பாறலாம். அதைப் பிடித்தபடி முன்னே நகராதவரை விதி மீறல் இல்லை. நெஞ்சுவலியோ தலைசுற்றலோ இருந்தால் கையைத் தூக்கிக் காட்டி வெளியேறிவிடுங்கள். அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை டிரையத்லான் போட்டிகளில் நேர்ந்த திடீர் மரணங்களையும், இதயம் திடீரென நின்றுபோன நிகழ்வுகளையும், விபத்து மரணங்களையும் தொகுத்த ஆய்வில், பதிவான 135 நிகழ்வுகளில் 90 நீச்சலின்போது நடந்தவை. பெரும்பாலானோர் நடுத்தர வயது ஆண்கள். நாற்பதைத் தாண்டியவர்களும், குடும்பத்தில் இதய நோய் உள்ளவர்களும் பதிவுக் கட்டணம் கட்டுமுன் மருத்துவரிடம் இதயப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

முதல் மாற்றம்

ஒரு வரிசையைப் பழக்கிக்கொள்ளுங்கள்: கேப், காகிள்ஸ் கழற்றுதல், பாதத்து மணலைத் துடைத்தல், சாக்ஸ், ஷூ, கண்ணாடி, ஹெல்மெட். ஹெல்மெட்டின் கொக்கியை மாட்டியபின்தான் சைக்கிளைத் தொட வேண்டும். ஏறும் கோட்டைத் தாண்டியபின்தான் மிதிக்க வேண்டும். மணலைத் துடைக்கச் செலவாகும் அரை நிமிடத்தை மிச்சப்படுத்தாதீர்கள். சாக்ஸுக்குள் மாட்டிய மணல் ஓட்டத்தின் பாதியில் கொப்புளமாகும்.

சைக்கிள்

நேரத்தைப் பார்த்தால் போட்டியில் பாதி இங்கேதான் போகிறது. பலருடைய ஓட்டம் கெடுவதும் இங்கேதான். நீந்திக் கரையேறிய நிம்மதி, வழியெங்கும் கைதட்டல், காலைக் காற்று எல்லாம் சேர்ந்து முதல் 20 கிலோமீட்டரில் கால் தானாகவே வேகமெடுக்கும். சென்னையில் எங்களோடு ஞாயிற்றுக்கிழமைகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மிதிக்கும் மூத்தவர் ஒருவர் புதிதாக வருகிற எல்லோரிடமும் சொல்வார்: "தம்பி, சைக்கிள்ல யார் உன்னைத் தாண்டினாலும் போகட்டும்னு விட்டுடு. ஓட்டத்துல பார்த்துக்கலாம்." கோவாவின் ஓட்டப் பாதையில் அவர் சொன்னது அப்படியே பலித்தது. சைக்கிளில் என்னைக் கடந்து பறந்தவர்களில் பலர் மதிய வெயிலில் இடுப்பில் கை வைத்து நடந்துகொண்டிருந்தார்கள்.

வேகத்தை அளக்க எளிய வழி பேச்சு. முழு வாக்கியமாகப் பேச முடிகிற மூச்சில் மிதியுங்கள். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அது அதிகம். பவர் மீட்டர் வைத்திருப்பவர்கள் தங்கள் ஒரு மணி நேர உச்சத் திறனில் 70 முதல் 75 சதவீதத்துக்குள் நிற்கட்டும். மேட்டில் கியரைக் குறைத்து, உட்கார்ந்தபடியே ஏறுங்கள். எழுந்து நின்று அழுத்துகிற ஒவ்வொரு மேடும் தொடையில் ஒரு கடன். அது ஓட்டத்தில் வசூலாகும்.

இந்தப் போட்டியில் ஒருவர் பின்னால் ஒட்டிக்கொண்டு காற்றை மறைத்துப் போவது தடை. முன் சைக்கிளுக்கும் உங்களுக்கும் 12 மீட்டர் இடைவெளி வேண்டும். அந்த இடைவெளிக்குள் நுழைந்தால் 25 நொடிக்குள் தாண்டிவிட வேண்டும். மீறினால் நேரத் தண்டனை. காலிப் பாட்டிலையும் ஜெல் உறையையும் தண்ணீரும் உணவும் தரும் எய்ட் ஸ்டேஷனுக்கென ஒதுக்கிய இடத்தில் மட்டுமே போடலாம். காதில் இயர்போன் கூடாது. குடும்பத்தார் பாதையோரத்தில் நின்று தண்ணீர் கொடுப்பதும் வெளி உதவியாகவே கருதப்படும். அவர்களிடம் இதை முன்பே சொல்லி வையுங்கள்.

இருக்கைக்குக் கீழே இரண்டு டியூப், டயர் லீவர், சிறு பம்ப் இருக்கட்டும். பின்சக்கர டியூபை மாற்ற எத்தனை நிமிடம் ஆகிறது என்று வீட்டில் கடிகாரம் வைத்துப் பழகியிருங்கள்.

சாப்பாடும் உப்பும்

ஆறேழு மணி நேரத்தை உடம்பில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து மட்டும் தாங்காது. மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்பது நல்ல இலக்கு. வயிறு பழகியவர்கள் 90 வரை போகலாம். குளுக்கோஸை மட்டும் எடுத்தால் குடல் மணிக்குச் சுமார் 60 கிராம்தான் உறிஞ்சும். ஃப்ரக்டோஸ் வேறு வழியாக உள்ளே போவதால், இரண்டையும் கலந்தால் கூடுதலாகச் சேரும். நம் வீட்டுச் சர்க்கரையில் இரண்டும் பாதிப் பாதி இருக்கின்றன. நடுத்தர வாழைப்பழம் ஒன்றிலும், வழக்கமான ஜெல் பொட்டலம் ஒன்றிலும் ஏறக்குறைய 25 கிராம் கிடைக்கும். கடலை மிட்டாய் பயிற்சிக்கு அருமையானது. வெயிலில் வாய் காய்ந்தபின் அதை மெல்வது சிரமம், கொழுப்பும் செரிக்க நேரமெடுக்கும். ஆகவே சைக்கிளின் முதல் மணி நேரத்துக்குள் அதை முடித்துவிடுங்கள். பசிக்கும் வரை காத்திருக்காமல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுங்கள். வயிறு சொன்னபடி கேட்கும் இடம் சைக்கிள் மட்டுமே. ஓட்டத்தில் அது குலுங்கி முரண்டு பிடிக்கும்.

எவ்வளவு குடிப்பது? அதைப் பயிற்சியிலேயே அளந்துவிடலாம். ஒரு மணி நேரப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். முன்பு 70 கிலோ, பின்பு 69.3 கிலோ, இடையில் அரை லிட்டர் குடித்தீர்கள் என்றால், வியர்வை மணிக்கு 1.2 லிட்டர். அத்தனையையும் ஈடுகட்டத் தேவையில்லை. முக்கால் பங்குக்கு மேல் வேண்டாம். வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து குமட்டல், குழப்பம், வலிப்பு வரை போகும். அது உயிருக்கே ஆபத்து. உப்புக்கு ஓ.ஆர்.எஸ். நல்லது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டருக்கான பொட்டலத்தில் 2.6 கிராம் சாப்பாட்டு உப்பும் 13.5 கிராம் குளுக்கோஸும் இருக்கின்றன. உப்பு போதுமானது, சக்திக்கு அந்தக் குளுக்கோஸ் போதாது. ஆகவே ஒரு பாட்டிலில் ஓ.ஆர்.எஸ்., இன்னொன்றில் மாவுச்சத்து பானம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

ஓட்டம்

இறங்கும் கோட்டுக்கு முன் சைக்கிளிலிருந்து இறங்கி, அதை அதன் இடத்தில் நிறுத்தியபின் ஹெல்மெட்டைக் கழற்றுங்கள். தொப்பி, நம்பர் பெல்ட், மிச்ச ஜெல் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு நடந்தபடியே மாட்டிக்கொள்ளலாம்.

முதல் ஒன்றிரண்டு கிலோமீட்டரில் கால் உங்களுடையது போலவே இருக்காது. சைக்கிளுக்குப் பழகிய தசைகள் ஓட்டத்துக்குத் திரும்ப எடுக்கும் நேரம் அது. வாரத்துக்கு ஒருமுறை சைக்கிள் முடித்த உடனே 20 நிமிடம் ஓடுகிற பிரிக் பயிற்சி இதற்காகத்தான். முதல் மூன்று கிலோமீட்டரை இலக்கு வேகத்தைவிடக் கிலோமீட்டருக்கு 15, 20 நொடி மெதுவாக ஓடுங்கள். சிறு சிறு அடியாக வையுங்கள்.

பிறகு தூரத்தை எய்ட் ஸ்டேஷன் கணக்கில் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் நடங்கள், அடுத்ததுவரை ஓடுங்கள். நடக்கிற அந்த அரை நிமிடத்துக்கு ஒரு ஒழுங்கு உண்டு. முதல் மேசையில் ஒரு டம்ளர் தண்ணீரைத் தலையிலும் பிடரியிலும் ஊற்றுங்கள். அடுத்ததில் உப்புள்ள பானத்தை இரண்டு மடக்கு குடியுங்கள். ஐஸ் இருந்தால் ஒரு பிடி தொப்பிக்குள், ஒரு பிடி ட்ரைசூட்டின் மார்புப் பக்கம். கடைசியாக ஒரு ஐஸ் துண்டை உள்ளங்கையில் வைத்து இறுக்கிக்கொண்டு ஓடத் தொடங்குங்கள். உள்ளங்கைத் தோலில் ரத்த ஓட்டம் அதிகம்; அங்கே பட்ட குளிர்ச்சி உடம்புக்குள் சேரும். கோவாவில் நான் கடைசிவரை ஓடியது இந்த ஒழுங்கினால்தான் என்று உறுதியாகச் சொல்வேன். பதினைந்தாவது கிலோமீட்டருக்குப் பின் மனம் எதையும் யோசித்து முடிவெடுக்கும் நிலையில் இருக்காது. அப்போது கை தானாகச் செய்யும் பழக்கம்தான் துணை.

வெயிலில் எப்போது நிற்பது

வெயிலுக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் ஆகும். போட்டிக்கு முந்தைய வாரங்களில் சில ஓட்டங்களை முற்பகலுக்கு மாற்றுங்கள். சென்னையின் புழுக்கத்தில் பயிற்சி செய்தவர்களுக்கு இதில் ஒரு அனுகூலம் உண்டு.

களைப்பும் காலில் பிடிப்பும் எல்லோருக்கும் வரும், நடந்தால் சரியாகும். ஆனால் உச்சி வெயிலில் குளிர் நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம், எந்தச் சுற்றில் இருக்கிறோம் என்றே தெரியாத குழப்பம் ஆகியவற்றில் ஏதாவது வந்தால் அங்கேயே நின்று மருத்துவ உதவி கேளுங்கள். சக வீரர் ஒருவர் அப்படித் தடுமாறினால் உங்கள் நேரத்தைப் பார்க்காதீர்கள். நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பெங்கும் தண்ணீரும் ஐஸும் வைத்துக் குளிர்வித்தபடி ஆள் அழையுங்கள். வெப்பத் தாக்கில் முதலில் குளிர்விப்பது, பிறகுதான் மருத்துவமனைக்குக் கொண்டுபோவது. தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு.

முடித்தபின்

கோட்டைத் தாண்டியவுடன் உட்கார்ந்துவிடாமல் பத்து நிமிடம் நடங்கள். ஓடிக்கொண்டிருந்த காலில் தேங்கும் ரத்தத்தால் மயக்கம் வரலாம். அரை மணி நேரத்துக்குள் உப்புள்ள பானமும் ஏதாவது சாப்பாடும் உள்ளே போகட்டும். முதலில் வரும் சிறுநீர் கருஞ்சிவப்பாக இருந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள். வலிக்கு இப்யூப்ரோஃபென் போன்ற மாத்திரைகளைப் போட்டியின்போதும் அன்றும் தொடவே வேண்டாம். நீர் வற்றிய சிறுநீரகத்தை அவை பாதிக்கும். ஒரு வாரத்துக்குக் கடுமையான பயிற்சி வேண்டாம்.

அலுவலகம், வீடு, பிள்ளைகள் படிப்பு என்று எல்லாவற்றுக்கும் நடுவே அதிகாலையில் எழுந்து பயிற்சி செய்கிற சாதாரண மனிதர்களால் முடிக்கக்கூடிய போட்டி இது. அதற்குத் தேவை பொறுமை. காலையில் அடக்கமாக இருங்கள், வேளைக்குச் சாப்பிடுங்கள், உடம்பு நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள். முதல் போட்டியில் நேரத்தைத் துரத்த வேண்டாம். ஓடியபடியே இறுதிக் கோட்டைத் தாண்டுவதை மட்டும் இலக்காக வையுங்கள்.